கைச்சூடு

பத்து மணிக்கு உளுந்தைக் கிரைண்டரில் போட்டால் பத்தரைக்கு அது பொங்கி வந்துவிடும், அதை வழித்தெடுத்துவிட்டு அரிசியைப் போட்டால் பதினொன்றுக்குள் அதுவும் ஆகிவிடும், அந்தப் பெண் வந்து உட்காரும்போது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சாரதாமணி திட்டம் போட்டிருந்தாள். பதில் தயாராகவே இருந்தது. நேற்று ஃபோனை வைத்த நிமிஷத்திலிருந்து அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருந்தாள். எனக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்காரம்மாதான் ஆம்பளையாளு வந்து தங்குறதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. இவ்வளவுதான். வீட்டுக்காரம்மாவிடம் அவள் கேட்டதே இல்லை, கேட்காத விஷயத்தில் பொய் எங்கிருந்து வந்தது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஃபோனில் பேசியவள் ஜெசிந்தா என்று பேர் சொன்னாள், நன்னடத்தை அலுவலர் என்றாள். பதினாலு வருஷமாக மத்தியச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கும் உங்கள் தம்பி திருமூர்த்தியை விட்டுவிடலாமா என்று பார்க்கிறார்கள், வெளியே வந்தால் பொறுப்பேற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், ரத்த சம்பந்தம் என்று ஃபைலில் இருப்பது நீங்கள் ஒருத்திதான், வீட்டைப் பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்திலும் இரண்டு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அக்கம்பக்கம் என்றதும்தான் சாரதாமணி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு வாசல் உள்ள இந்த லைன் வீட்டுக்கு அவள் குடிவந்து பதினொரு வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவங்க யாருமில்லீங்க என்று சொல்லித்தான் சாவி வாங்கினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாவு வாங்க அவள் வாசலில் தூக்குப்போசியோடு வந்து நிற்கிற அத்தனை பேரும், கொலைகாரன் அக்கா பிசைந்த மாவு என்று தெரிந்தால் நாளைக்கு எங்கே நிற்பார்கள். கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள்.

கிரைண்டர் அரைக்குமே தவிரப் பிசையாது. உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகக் கொட்டி உப்புப் போட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுக் கையால்தான் கலக்க வேண்டும். கரண்டி போட்டுக் கலக்கினால் எழும்பாது. கையிலும் எல்லாக் கையும் ஒன்றில்லை. சிலருக்குச் சில்லென்ற கை, அவர்கள் கலக்கிய மாவு மறுநாள் வரை கல்லுப் போலக் கிடக்கும். சிலருக்குச் சூட்டுக் கை. சாரதாமணியின் கைக்கு மார்கழிக் குளிரில்கூட மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். என்ன போடறீங்க இதுல என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், கைதானுங்க என்று சிரிப்பாள். அது அவள் கையா என்ன. சென்னியப்பன் கை. வண்டிப்பேட்டையில் மூட்டை தூக்கிய சென்னியப்பன், அவள் அப்பன், சந்தையில் ஒருத்தனை வெட்டிவிட்டு இரண்டு வருஷம் உள்ளே போய் வந்தவன், குடித்துவிட்டு வந்தால் அம்மாவின் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் மோதுகிறவன். அந்த அம்மாதான், உதடு வீங்கி இருக்கும்போதே, மாவு ஆட்டி முடித்ததும் வாசலைப் பார்த்துக் கூப்பிடுவாள், ஏனுங்க, வந்து கைய வெச்சுட்டுப் போங்க. அவனும் வருவான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குண்டானுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி மெதுவாகப் பிசைவான். அந்த நேரத்தில் அப்பனைப் பார்க்க ஆசையாக இருக்கும். அதுதான் கொடுமை. எந்நேரமும் அரக்கனாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒருநாள் அம்மா இரண்டு பிள்ளைகளின் உள்ளங்கைகளையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே அப்பன் கைதான் ரெண்டுக்கும் என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். உளுந்து கெட்டிப்பட்டுக் கல்லோடு சுற்றியது. சாரதாமணி இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓரத்தை வழித்துவிட்டாள்.

ரெண்டுக்கும். இந்த இடத்தில்தான் நினைப்பு எப்போதும் சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்ளும். திருமூர்த்தி அவளைவிட நாலு வயது சின்னவன். கோழி அறுக்கும்போது கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்கிறவன். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாருடைய பேனா காணாமல் போனாலும் முதலில் அவன் பையைத்தான் கவிழ்ப்பார்கள். சென்னியப்பன் பையனக் கேளு. தெருவில் ஒரு கோழி தொலைந்தாலும் சென்னியப்பன் பையன், ஒரு கண்ணாடி உடைந்தாலும் சென்னியப்பன் பையன். அவளை யாரும் சென்னியப்பன் பொண்ணைக் கேளு என்று சொன்னதில்லை, பாவம் அந்தப் புள்ள என்றுதான் சொன்னார்கள். ஒரே அப்பன், ஒரே சோறு, ஒரே சூடு, அவனுக்கு ஒரு பேர், அவளுக்கு ஒரு பேர். ஐந்தாவது படிக்கும்போது வாத்தியாரின் கைக்கடிகாரத்தை அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஏன்டா எடுத்தே என்றதற்கு, எப்படியும் எம்மேலதானுக்கா சொல்லப்போறாங்க என்றான். அழவில்லை, கணக்கு வாத்தியாருக்கே கணக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னான். அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். ஐந்து விரலும் கன்னத்தில் எழும்பி நின்றன, எழும்பி நின்ற வேகத்தைப் பார்த்து அவளே பயந்து போனாள். போன மாசம் டிவியில் இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றித்தான் வாதாடினார்கள். குற்றம் செய்கிற குணம் பிறவியிலேயே ஜீனில் வருகிறது என்றார் ஒருத்தர், வளர்கிற இடமும் வறுமையும் அடியும்தான் காரணம் என்றார் இன்னொருத்தர். கடைசியில் பாதி இது பாதி அது என்று சமாதானமாகிக் கைகுலுக்கிக்கொண்டார்கள், சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. பாதி உளுந்து பாதி அரிசி என்கிற மாதிரி. கலந்து பொங்கின பிற்பாடு எது உளுந்து எது அரிசி என்று பிரித்துக் காட்டுங்களேன் பார்ப்போம் என்று அவள் அன்றைக்கு டிவியிடமே கேட்டாள். தனியாக இருக்கிறவர்கள் டிவியிடம் பேசுவது ஒன்றும் அதிசயமில்லை.

உளுந்து பந்து பந்தாக ஏறி வந்தது. வழித்துக் குண்டானில் போட்டுவிட்டு அரிசியைக் கொட்டினாள். சத்தம் கரகரப்பாக மாறியது, தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற சத்தம் போல. களத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் பத்து மணியிலிருந்து மனசைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், அது போய்விட்டது. திருமூர்த்தி களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான், ஒழுங்காகத்தான் இருந்தான், முப்பத்தி இரண்டு வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொப்பரை மூட்டை இரண்டு குறைந்தது. மேஸ்திரி மாரண்ணன் வேறு யாரையும் கேட்கவில்லை, நேராக இவனிடம் வந்தார். எடுக்கவில்லை என்றான். செருப்பைக் கழற்றி இரண்டு அடி அடித்தார், வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான், உங்கப்பன் ரத்தந்தானடா ஓடுது உனக்கு என்றார். தேங்காய் உரிக்கிற பாரையை நிலத்தில் ஊன்றக் குழி தோண்டுவதற்காக இவன் கையில் கடப்பாரை இருந்தது. ஒரே வீச்சு. ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர் புகட்டினானாம். மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். மூட்டை பிற்பாடு வேறொருத்தன் வீட்டில் கிடைத்தது, அதனால் யாருக்கு என்ன. மாரண்ணனுக்கு இரண்டு பெண்கள். கோர்ட்டு வராந்தாவில் அந்த இரண்டும் ஒரே பொட்டலத்து முறுக்கைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்ததைச் சாரதாமணி பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கும் இந்த ஜெசிந்தா போய்க் கேட்பாள். உங்கள் அப்பனைக் கொன்றவனை விடலாமா என்று கேட்டால் அந்தப் பெண்கள் என்ன சொல்லும். நான் அந்தப் பெண்ணாக இருந்தால் விடாதே என்றுதான் சொல்வேன் என்று நினைத்தாள்.

ஆரம்பத்தில் மாசாமாசம் ஜெயிலுக்கு மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, வாசலில் வரிசையில் நின்று, பேர் எழுதிக் கொடுத்து, கூப்பிட்டதும் உள்ளே போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நல்லா இருக்கியா என்பதைக்கூடத் தொண்டை கிழியக் கேட்க வேண்டும். எட்டு வருஷம் போனாள். கடைசியாகப் போன அன்று அவன் எதற்கோ சிரித்தான். முன்நெற்றி ஏறி, கன்னம் ஒட்டி, ஒரு பக்கமாகச் சிரித்தபோது வலைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். அப்படியே அச்சு. அவள் பஸ் ஏறி வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அதற்குப் பிறகு போகவில்லை. மூட்டுவலி என்று ஒரு கடிதம் போட்டாள், உடம்பைப் பாத்துக்க அக்கா என்று பதில் வந்தது, அப்புறம் இரண்டு பக்கமும் ஓய்ந்துவிட்டது. ஆறு வருஷம். அவனுக்குப் பயந்தா போவதை நிறுத்தினாள். அப்படித்தான் இத்தனை நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அரிசிக்குத் தண்ணீர் போதாமல் கிரைண்டர் முனகியது, அவள் கவனிக்கவில்லை, பிறகு கவனித்து ஒரு டம்ளராகவே ஊற்றிவிட்டாள். மாவு நீர்த்துப் போகப்போகிறது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

ஒரு சாண். அதுதான் விஷயம், வேறு ஒன்றுமில்லை. திருமூர்த்தி ஜெயிலுக்குப் போவதற்கு ஐந்து வருஷம் முன்னால், தாராபுரம் ரோட்டில் குடியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கோவிந்தராசு கட்டிலில் படுத்திருந்தான். நல்ல மனுஷன். கை நீட்ட மாட்டான், வாய்தான் கொஞ்சம் நீளம். சாம்பார் நேரமாகிறது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், உங்க ஊட்டுப் புத்தி வேற எப்படி இருக்கும் என்பதில் வந்து நின்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் கையில் குழவி இருந்தது. எப்போது தூக்கினாள், எப்போது விட்டாள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. கையைவிட்டுப் போன பிறகுதான் கையில் இல்லை என்று தெரிந்தது. அவன் காது ஓரத்தைக் கிழித்துத் தோளில் இடித்துச் சுவரில் மோதிக் காரை பெயர்ந்து விழுந்தது. நடு நெற்றிக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும், அவ்வளவுகூட இருக்காது. ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவனே சொன்னான். பெண்டாட்டி அடித்தாள் என்று எந்த ஆம்பளை சொல்வான். பதினைந்து நாள் அவளை ஒன்றுமே கேட்காமல், அவள் கையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். அப்போது அவளுக்கு இரண்டு மாசம். அவனுக்குத் தெரியாது. பத்து நாளில் அது தானாகவே தங்காமல் போய்விட்டது. கிணற்றடியில் உட்கார்ந்து, ரத்தத்தைப் பார்த்து, அவள் முதலில் விட்ட மூச்சு அப்பாடா என்றுதான் இருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. அந்த அப்பாடாவை அவள் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை. அது பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும் முதலில் கையைத்தான் தொட்டுப் பார்த்திருப்பாள்.

ஆகவே பயம் தம்பியைப் பற்றியது இல்லை என்று பத்தே முக்காலுக்கு அவளுக்குத் தெரிந்தது. கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் தெரிந்தது, அதற்குப் பெரிய சடங்கு ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஒற்றை அறையில், அந்த மூலையில் அவன் பாய், இந்த மூலையில் அவள் பாய், நடுவில் குண்டான். இரண்டு சென்னியப்பன்கள். அவன் ஒரு வார்த்தை விட, இவள் ஒரு வார்த்தை விட, யார் கையில் அப்போது என்ன இருக்கும். தனியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்ல ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தானே அவள் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வருகிறவர்கள் வாசற்படிக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள், யாரையும் உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. ஒரு பூனை வந்து வந்து நின்றது, அதற்கும் சோறு வைக்கவில்லை. வேண்டாம், அந்தப் பதிலே நல்ல பதில். வீட்டுக்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க. மறுபடி ஒருதரம் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஜெசிந்தா வந்துவிட்டாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக வாசலில் நின்று, வரலாங்களாம்மா என்றாள். சாரதாமணி கிரைண்டரை அணைத்தாள். சத்தம் நின்றதும் அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. வந்தவள் பாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், ஃபைலைப் பிரித்தாள். உங்களைக் கட்டாயப்படுத்த வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். போன வாரம் திருமூர்த்தியைப் பார்த்துப் பேசினாளாம், வெளியே விட்டால் எங்கே போவீர்கள் என்று கேட்டாளாம், அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறாளாம். விரலை வைத்து வாசித்தாள்.

"எங்க வேணும்னாலும் அனுப்புங்க, ஏதாச்சும் ஆசிரமத்துல உடுங்க. அக்கா ஊட்டுக்கு மட்டும் வேண்டாம். அது ஒண்டியா நிம்மதியா இருக்குது. நான் போனாக் கெட்டுரும்."

சாரதாமணி தயாராக வைத்திருந்த பதிலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அவளுக்குப் பதிலாக அவனே சொல்லிவிட்டான். தலையை மட்டும் ஆட்டினால் போதும், அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள், சாயங்காலம் மாவு விற்கலாம். நிம்மதி என்று எதைச் சொல்கிறான். எப்போது அவனிடம் அப்படிச் சொன்னாள், வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திய எந்தக் கத்தலில் அது அவனுக்கு அப்படிக் கேட்டது. இப்பவும் அவனுக்குக் கோவம் வருதுங்களா என்று கேட்டாள். ஜெசிந்தா முகம் மலர்ந்து பக்கங்களைப் புரட்டினாள். பதினாலு வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லையாம். யாரோடும் சேர மாட்டானாம், நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகமாம், சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒரு ஓரமாக எடுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வானாம். மிக நல்ல நடத்தை என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள். நல்ல சேதியாகத்தான் சொன்னாள். அவனும் அங்கே, ஆயிரம் பேருக்கு நடுவில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது அவனுக்கு. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜெசிந்தா பேனாவை எடுத்துக்கொண்டு, ஒரு சம்பிரதாயக் கேள்வி என்றாள். அப்பாவைப் பற்றி ஃபைலில் இருக்கிறது, குடும்பத்தில் வேறு யாரும் அந்த மாதிரி இல்லையே என்று கேட்டுக்கொண்டே, இல்லை என்று எழுதவும் தொடங்கிவிட்டாள்.

"இருக்குதுங்க," என்றாள் சாரதாமணி.

"யாரும்மா?"

"நான்தானுங்க."

சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, குழவி, காது, ஆஸ்பத்திரி, ஒரு சாண் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி அடிச்சது பட்டுருச்சு, நான் அடிச்சது தள்ளிப் போயிருச்சு, அதுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணுனனுங்க என்றாள். கிணற்றடியை மட்டும் சொல்லவில்லை, அது வாய்வரை வந்து நின்றுகொண்டது. ஜெசிந்தா பேனாவை மூடினாள். வேறு யாராவது என்றால் சாரதாமணியின் கையைப் பார்த்திருப்பார்கள், ஜெசிந்தா முகத்தைத்தான் பார்த்தாள்.

"அம்மா, இதை நான் எழுதினா அவரை உங்க பொறுப்புல விட மாட்டாங்க."

"எழுத வேண்டாங்க. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்கோணும். கையெழுத்து எங்கீங்க போடோணும்?"

காட்டிய இடத்தில் போட்டாள். எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்து, கோட்டைவிட்டுக் கொஞ்சம் மேலேறிப் போயிற்று. இது முடிவில்லை, விடுதலையை முடிவு செய்கிற குழு பார்க்க வேண்டும், மாரண்ணன் பெண்கள் வீட்டிலும் கேட்க வேண்டும், மாசக்கணக்காகலாம், இல்லை என்றும் சொல்லிவிடலாம் என்றாள் ஜெசிந்தா. சரிங்க என்றாள். அக்கம்பக்கத்தில் நான் விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாக விசாரித்துக்கொள்கிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம் என்றாள். வேண்டாங்க என்று சாரதாமணி எழுந்தாள். செருப்புப் போடாமல் வாசலில் இறங்கி, வெயில் சுடச்சுட முற்றத்தைத் தாண்டி, வீட்டுக்காரம்மா பாக்கியம் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த படியின் முன்னால் போய் நின்றாள். பின்னால் அந்தப் பெண் ஃபைலோடு ஓடிவருவது கேட்டது. பாக்கியம் நிமிர்ந்து, மாவு ஆயிருச்சா என்றாள்.

"பாக்கியக்கா, எனக்கு ஒரு தம்பி இருக்கறானுங்க," என்றாள் சாரதாமணி.